மாவட்டத்துக்கே ஒரே விபாவரி

விபாவரி என்ற பேரை முதல் தடவையே சரியாகச் சொன்னவர்கள் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் விபூதி என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். கல்யாணமாகிப் போன இடத்தில் மாமியார் நாலு நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "வாய்க்குள்ள நொழைய மாட்டேங்குதே ஆத்தா" என்று வாரி ஆக்கிவிட்டார். இவளுக்கு அதிலெல்லாம் வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் ஒரு மிதப்புதான். ஊரில் யாருக்கும் இல்லாதது தன்னிடம் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் மிதப்பு வராது?

பேர் வந்த வழியும் அப்படிப்பட்டது. அப்பா ஆத்மநாதன் அறந்தாங்கி – மணமேல்குடி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். இவள் வயிற்றில் இருந்தபோது, ராமேஸ்வரம் போகவேண்டிய வடக்கத்திக் குடும்பம் ஒன்று தெரியாத்தனமாக அவர் பஸ்ஸில் ஏறிவிட்டது. அந்த அம்மாள் வழி நெடுக மகளை "விபாவரி, விபாவரி" என்று அதட்டிக்கொண்டே வந்தாளாம். இவர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரமே ஊக்கும் சீப்பும் குழந்தைப் பெயர்ப் புத்தகமும் விற்கிறவன் பஸ்ஸில் ஏற, ஓசியில் ஒரு புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். இருந்தது. வடமொழிப் பெயர். நட்சத்திரங்கள் நிறைந்த இரவு என்று பொருள்.

ஜோசியர் சொன்ன எழுத்து வேறு. அம்மா ஒரேயடியாக மறுத்தாள். "பொட்டப்புள்ளைக்கு யாராச்சும் ராத்திரின்னு பேரு வைப்பாகளா?"

"வெறும் ராத்திரி இல்லடி. நட்சத்திர ராத்திரி," என்றாராம் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது. பிறகு பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு பேரு மாவட்டத்துக்கே ஒன்னுதான் தெரியும்ல?" என்று அளந்துகொண்டு திரிந்தார். அது பொய்யும் இல்லை. பின்னாளில் விபாவரி போனில் தேடிப் பார்த்தாள். பேர்களுக்கென்றே இருக்கிற வெப்சைட்டில் 'பிரபலம்: மிகக் குறைவு' என்று போட்டிருந்தது. பேஸ்புக்கில் நாக்பூரில் சிலர், புனேயில் சிலர். சென்னைக்குத் தெற்கே இவள் ஒருத்திதான்.

அப்படிப்பட்ட அப்பாவை விட்டுவிட்டுத்தான் காலேஜ் கடைசி வருஷத்தில் பிரவீன்குமாரோடு வந்துவிட்டாள். அவன் பைக் மெக்கானிக், வேற சாதி. ஆத்மநாதன் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வரவில்லை, ஆள் வைத்தும் தேடவில்லை. குளத்தில் போய்த் தலைமுழுகினார் என்று மட்டும் கேள்விப்பட்டாள். அது எல்லா அப்பன்மாரும் செய்கிற வீராப்புதானே, கோபம் ஆறினால் தானே வருவார் என்று ஆலங்குடியில் உட்கார்ந்து காத்திருந்தாள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. காத்திருப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது, பைத்தியக்காரி.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்வது அவள் வேலை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே கைதான். ஒரு நாள் கடைக்காரர் சண்முகம் தன் போனை நீட்டினார்.

"இந்தா, நம்ம ஊரு சந்தோஷ்குமார் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்தாம். தாய்மாமன் பேனரு, பெருசா வேணுங்கறான். மணமேல்குடில பங்ஷன். பேரைப் பாரு, ஒம்பேரு மாதிரியே இருக்கு."

மாதிரி இல்லை. அதே பேர். கீழே தாத்தா ஆத்மநாதன், தகப்பன் ஆனந்தராஜ். ஆனந்தராஜ் அவள் தம்பி. அவள் வீட்டை விட்டு வரும்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தவன்.

விபாவரி பேனரைச் செய்ய உட்கார்ந்தாள். குழந்தையின் தலையில் தங்கக் கிரீடம் வைத்தாள், சுற்றிலும் பூப் போட்டாள், தன் பேரைத் தானே பெரிதாக அடித்தாள். அடித்துவிட்டு பாத்ரூமில் போய் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

பிரவீன்குமார் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டில் கையை வைத்தபடி யோசித்தான். "வாரி, உங்க வீட்டுல உசுரோட இருக்கவங்க பேரை வைப்பாங்களா? உன் தம்பி மூத்த பிள்ளைக்கு, உங்கம்மா தவறினதுக்கப்புறம்தான அவங்க பேரை இந்துமதின்னு வச்சாங்க?"

வைக்கமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். அவர்கள் பக்கத்தில், உயிரோடு இருக்கிறவர் பேரைப் பிள்ளைக்கு வைத்தால் இருக்கிறவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். செத்தவர்கள் பேர்தான் திரும்பி வரும். ஆனால் மனசு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நியாயத்துக்கா பஞ்சம்?

"அப்பா அதெல்லாம் பாக்கமாட்டாரு. எனக்குப் பேரு வச்சப்பவே ஜோசியரை மீறின ஆளு. என்னைய நேரா கூப்பிட ரோசம் விடல. அதான் இப்புடிக் கூப்பிடுறாரு," என்றாள். "அதுவுமில்லாம நான் அந்தப் புள்ளைக்கு அத்தை. அத்தை இல்லாம என்ன காதுகுத்து?"

"நானும் வாரேன்."

"வேணாம். மொதல்ல நான் போறேன்."

வெள்ளியில் ஒரு ஜோடிக் கொலுசு வாங்கிக்கொண்டாள். அறந்தாங்கியில் பஸ் மாறி மணமேல்குடியில் இறங்கியபோது நல்ல வெயில். ஐயனார் கோயில் வாசலில் அவள் செய்த பேனர் நின்றது. பேனருக்கு அடியில் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பந்தலுக்குள் ஆனந்தராஜ்தான் முதலில் பார்த்தான். மீசை வைத்து, தொப்பை வைத்து ஆளே மாறியிருந்தான். முகம் வெளிறிப்போய்ச் சமையல் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இவளிடம் வந்தாள். தம்பி மனைவி பிரகதீஸ்வரி. இவளை அவள் பார்த்ததே இல்லை.

"வாங்கக்கா, உக்காருங்க. எங்கண்ணன் கூட வந்தீங்களா? ஆலங்குடியா?"

"ஆலங்குடிதான்," என்றாள் விபாவரி. குழந்தைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். காதில் புதுத் தோடு, அழுது வீங்கிய கண். "புள்ளைக்கு நல்ல பேரா வச்சிருக்கீங்க."

"மாமா வச்சதுக்கா. எங்க நாத்தனாரு பேரு. பாவம், காலேஜ் படிக்கறப்பவே எறந்துட்டாங்க. நான் வாறதுக்கு முன்னாடியே. மாமாவுக்கு அவங்கன்னா உசுரு. வீட்டுல ஒரு போட்டோ கூட வச்சுக்கிறல, பாத்தா தாங்காதுன்னு. வருசா வருசம் ஆடி அமாவாசைக்குக் கடல்ல அத்தைக்கும் அவங்களுக்கும் சேத்துத்தான் எள்ளுந் தண்ணியும் எறைப்பாரு. போன தடவை எறைச்சுட்டு வந்து, 'அந்தப் பேரு சும்மாதான கெடக்கு, இந்தப் புள்ளைக்கு வச்சிரலாம்'னாரு."

அவள் மனசில் கள்ளமே இல்லை. நல்ல பெண். வந்த விருந்தாளியிடம் வீட்டுக் கதையைச் சொன்னாள், அவ்வளவுதான். விபாவரிக்குப் பந்தல் சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

இத்தனை வருஷமும் அவள் காத்திருந்தது அப்பாவின் கோபம் தணிவதற்காக. கோபமென்றால் ஒரு நாள் தணியும், பேரன் பேத்தி பிறந்தால் தணியும், உடம்புக்கு முடியாமல் போனால் தணியும். இங்கே கோபம் என்று ஒன்று இல்லவே இல்லை. அந்த மனுஷன் மகளுக்காக அழுது, காரியம் செய்து, தண்ணீர் விட்டு, எல்லாவற்றையும் முடித்துவிட்டார். முடிந்துபோனதன் வாசலில் அவள் கொலுசோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆத்மநாதன் அந்தப் பக்கமாக வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தோளில் துண்டு. இவளைப் பார்த்தார். பார்த்தது தெரிந்தது, ஏனென்றால் நடை ஒரு கணம் நின்றது. அப்புறம், டிக்கெட் வாங்கிவிட்ட ஆளை விட்டு அடுத்த சீட்டுக்குப் போகிற கண்டக்டர் மாதிரி, பார்வை நகர்ந்துவிட்டது.

"மாமா, இந்த அக்கா யாரு, நமக்குச் சொந்தமா?" என்று கேட்டாள் பிரகதீஸ்வரி.

"தெரியலம்மா. வெயில்ல வந்திருக்காக, சாப்பிடச் சொல்லு." குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

விபாவரி பையைத் திறந்து கொலுசை எடுத்தாள். குழந்தையின் காலில் தானே போட்டுவிட வேண்டும் என்று வந்திருந்தாள். பிரகதீஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஐயோ, எதுக்குக்கா இதெல்லாம்! யாரு குடுத்ததுன்னு கேட்டாச் சொல்லணும்ல, பேரச் சொல்லுங்கக்கா."

ஆத்மநாதன் இன்னும் போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பந்தக்காலைப் பிடித்தபடி நின்றார். ஒரு வார்த்தை போதும். சொன்னால் பந்தல் கலவரமாகும், இந்தப் பெண் மிரண்டு பிள்ளையை அணைத்துக்கொண்டு உள்ளே ஓடுவாள், நாளைக்கே வேறு பேர் தேடுவார்கள். சொன்னாலும் அப்பா திரும்பமாட்டார். அது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. குழந்தை அவள் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"ரம்யா," என்றாள்.

"ரம்யாவா? எங்க தெருவுலயே மூணு ரம்யா இருக்காங்கக்கா," என்று சிரித்தாள் பிரகதீஸ்வரி.

ஆத்மநாதன் திரும்பினார். அப்போதுதான் மகளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நல்ல பேரு," என்றார்.