செத்துப்போன ஆர்மிண்டா ஊருக்கு வந்தாள்

கென்டக்கி மலையில் லாரல் ஓடை ஊரைவிட்டு ஆர்மிண்டா போய் இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஹோபர்ட்டோடு கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் யாரிடமும் சொல்லாமல் பஞ்சாலை வேலைக்கு ரயிலேறியவள். இப்போது அம்மாவின் கல்லறையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள்.

கடையில் காப்பிக்கொட்டை நிறுத்துக்கொண்டிருந்த பெண் பாடிக்கொண்டிருந்தாள்: “லாரல் ஓடையே, எங்கள் ஆர்மிண்டாவை எங்கே வைத்தாய்? ஹோபர்ட் கை அமுக்கிய ஆழத்திலா?”

ஆர்மிண்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“யார் பாட்டும்மா இது?”

“நம்ம ஊர்ப் பாட்டுங்க. சுத்துவட்டாரத்துல நாலு ஜில்லாவுல பாடுறாங்க. நெசமா நடந்தது. கட்டிக்கிறேன்னு கூட்டிட்டுப் போயி ஓடையில அமுக்கிட்டான், பாவி.”

“நான்தான் அந்த ஆர்மிண்டா.”

அவள் சிரித்தாள். “போன வருஷம் ஒருத்தி, தான்தான் அவளோட ஆவின்னு சொன்னா. சர்க்கரையும் வேணுங்களா?”

ஆர்மிண்டா நேரே ஓடை வளைவிலிருந்த ஹோபர்ட்டின் வீட்டுக்கு நடந்தாள். விறகு பிளந்துகொண்டிருந்த ஹோபர்ட் கோடாலியைக் கீழே வைத்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வந்துட்டியா” என்றான், சந்தைக்குப் போய்த் திரும்பியவளிடம் கேட்பதுபோல.

“உன்னைக் கொலைகாரன்னு பாடுறாங்களே!”

“நானும்தான் பாடுறேன். மெட்டு நல்லாருக்கு.”

“நான் பஞ்சாலையில இருக்கேன்னு கடுதாசி போட்டேனே?”

“காட்டினேன். நானே எழுதினதுன்னுட்டாங்க. ஷெரிஃப் மூணு நாள் ஓடையத் துழாவிட்டு என்னை விட்டுட்டார். அந்தக் குளிர்காலத்துல மரம்வெட்டிங்க முகாம்ல சமையல்காரன் ஒருத்தன் பாட்டுக் கட்டினான். அவன் என்னைப் பாத்ததுகூட இல்ல.” சற்று யோசித்தான். “ஆமா, உனக்கு நான் பச்சை ரிப்பன் வாங்கிக் குடுத்தேன்ல?”

“நீலம்.”

“பாட்டுல பச்சைன்னு வருதே.”

அவள் மறுக்கப் போனாள். பச்சை ரிப்பன் ஒன்று தண்ணீரில் மிதப்பது கண்முன் தெரிந்தது. எப்போது பார்த்தாள் அதை?

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னாள். கூடப் படித்த வெர்ஸி கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“சாயல் இருக்கு. ஆனா ஆர்மிண்டா இன்னும் அழகா இருப்பா.”

“ஏய் வெர்ஸி, உன் பின்னலை நான்தானே பெஞ்சுல கட்டி வச்சேன்!”

“அது ஊருக்கே தெரியுமே.”

பின்வரிசையிலிருந்து ஹோபர்ட் எழுந்தான். அவன் தேவாலயத்துப் பக்கம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. “இவதான் அவ” என்றான்.

“நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?” என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். போதகர் ஆர்மிண்டாவின் கையைப் பிடித்து, எந்த ஊரானாலும் கர்த்தர் காப்பார் என்று ஆசீர்வதித்து அனுப்பினார்.

மறுநாள் ஹோபர்ட் அவளோடு ரயிலடிவரை நடந்து வந்தான்.

“நீயும் வந்துடு. அங்க யாருக்கும் இந்தப் பாட்டுத் தெரியாது.”

“போனா, ஓடிட்டான்னு இன்னொரு அடி சேத்துப் பாடுவாங்க.”

ரயில் வந்து நின்றது. மன்னிப்புக் கேட்க வேண்டியது யார், தானா, அந்தச் சமையல்காரனா, இந்த ஊரா என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாமலே கேட்டாள்.

“மன்னிச்சிடு, ஹோபர்ட்.”

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “எதுக்குன்னு தெரியல. ஆனா இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல” என்றான்.