பூ இல்லாத இலைகள்

மூன்று வருஷமாக வாசற்படி ஏறவிடாத மனிதர் திடீரென்று, சனிக்கிழமை வா, மலைக்குக் கீரை பறிக்கப் போகலாம் என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? யோஹெய்க்கு நன்றாகவே வந்தது. மிசுஹோவைக் கட்டிக்கொடுங்கள் என்று அவன் கேட்ட அன்று, அவளுடைய அப்பா எய்சாகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வாய் தவறி அவரை "அப்பா" என்று அழைத்துவிட்டான். "யாருக்கு யார் அப்பா?" என்று ஒரே வெட்டு. ஒற்றை மகளை டோக்கியோவுக்கு இழுத்துப் போக வந்தவன் அல்லவா. கல்யாணம் நடப்பதும் நடக்காததும் இந்த இரண்டு நாளில்தான் இருக்கிறது என்று மிசுஹோ ரயிலில் நூறு தடவை சொல்லிவிட்டாள்.

போய் இறங்கியதும் எய்சாகு ஒரு பளீர் சிவப்பு மேல்சட்டையை அவனிடம் நீட்டினார்.

"இதைப் போட்டுக்கோ. முன்னாடி நட."

வழி தெரியாதவனை எதற்கு முன்னால் விடுகிறார்? வசந்தத்தில் கரடிகள் பசியோடு அலையும் மலை அது. யாரைக் கரடிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தான். பள்ளங்களில் இன்னும் பனி கிடந்தது. மரங்களில் இளம்பச்சை துளிர்த்திருந்தது. வேறு சமயமாக இருந்தால் வாயைப் பிளந்துகொண்டு ரசித்திருப்பான். வழி பிரியும் இடத்தில் ஒரு பலகை. "என்ன போட்டிருக்கு, படி. டோக்கியோக்காரனுக்கு எழுத்தாவது தெரியுதான்னு பாப்போம்" என்றார் எய்சாகு. ஓடைப் பாதை இடது பக்கம் என்று படித்துச் சொன்னான்.

ஓடைக்கரை முழுக்க வெள்ளைப் பூக்கள். காம்புக்கு இரண்டு பூ விடும் கீரை அது. அதைப் பற்றித்தான் ரயில் நிலையத்தில் பெரிய எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். அதே இடத்தில், அச்சு அசலாக அதே இலையோடு நாபி என்ற விஷச்செடியும் முளைக்கும், ஒரு பிடி தின்றால் இதயம் நின்றுவிடும், பூ இல்லாத எதையும் பறிக்காதீர்கள் என்று.

எய்சாகு குந்தி உட்கார்ந்து, இலையை விரலால் தேய்த்துத் தேய்த்து, அவன் சுமந்திருந்த கூடையில் போட்டுக்கொண்டே போனார். யோஹெய் கூடையை இறக்கிப் பார்த்தான். பூ இல்லாத இலைகள் ஏழெட்டுக் கிடந்தன. இது சரியான இலைதானா என்று மெதுவாகக் கேட்டான்.

"நாப்பது வருஷமா இந்த மலையில பறிச்சுச் சாப்பிடறேன். நீ காலையில ரயில்ல வந்து இறங்கின ஆளு."

அதற்குமேல் எப்படிப் பேசுவது? நாற்பது வருஷம் பறித்தவருக்குக் கை தவறாது. தவறாதென்றால், வேண்டுமென்றே போட்டிருக்கிறார்.

மத்தியானம் வீடு திரும்பிக் கை கழுவப் போனவன் அடுக்களையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். மிசுஹோவின் அம்மா ஃபுமியெ, குழாயடியில் கீரையை ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலவற்றை மட்டும் எடுத்து ஏப்ரன் பைக்குள் சொருகினாள். அவனைக் கண்டதும் பையைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு என்று அவனுக்குத் தீர்மானமாகிவிட்டது.

அந்தி சாய்வதற்குள் சாப்பாடு. கரியில் சுட்ட ஆற்று மீன், மாவில் தோய்த்துப் பொரித்த துளிர்கள், ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் வேகவைத்த கீரை. யோஹெயின் கிண்ணம் மட்டும் கடைசியாக வந்தது.

"உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன்" என்றாள் ஃபுமியெ.

வெந்த கீரையில் எது எந்த இலை என்று யார் கண்டார்கள்? சாப்பிட்டால் உயிர் போகலாம், சாப்பிடாவிட்டால் மிசுஹோ போய்விடுவாள். அவள் பாட்டுக்கு மீன் முள்ளோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். யோஹெய்க்குத் திடீரென்று ஒரு தைரியம் வந்தது. முதலில் பெரியவர்தான் சாப்பிட வேண்டும் என்று பணிவாகச் சொல்லி, தன் கிண்ணத்தை எய்சாகுவின் முன்னால் வைத்துவிட்டு, அவருடையதை இழுத்துக்கொண்டான். விஷமாக இருந்தால் இவள் பாய்ந்து பிடுங்கட்டும் என்று ஃபுமியெயையே பார்த்தான். அவள் முகம் வெளுத்துவிட்டது.

எய்சாகு சாப்பாட்டுக் குச்சிகளை நீட்டினார். அவை வெறும் மேசையைத் தட்டின. மறுபடியும் அதே இடத்தில் தட்டின. கிண்ணம் நான்கு விரற்கடை தள்ளி இருந்தது.

ஃபுமியெ சத்தமில்லாமல் கிண்ணத்தைக் குச்சிக்கு அடியில் நகர்த்தினாள். அவர் எடுத்துச் சாப்பிட்டார். கிண்ணத்தில் சின்னச் சின்ன வெள்ளை மொட்டுகள் தெரிந்தன. பயந்த விருந்தாளிக்காகப் பூ உள்ளதாகவே பொறுக்கி வைத்திருக்கிறாள். சிவப்புச் சட்டை எதற்கு, பலகையைப் படிக்கச் சொன்னது எதற்கு என்று யோஹெய்க்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகப் போயிற்று.

பாத்திரம் எடுத்து வைக்கும் சாக்கில் அவள் பின்னால் போனான். ஃபுமியெ பையிலிருந்த இலைகளைக் குப்பையில் உதறினாள்.

"ரெண்டு வருஷமாச்சு, கண்ணு மங்கி. மிசுஹோவுக்குக்கூடத் தெரியாது. மலைக்குப் போகாதீங்கன்னு சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. நான்தான் பொறுக்கி எடுக்கறேன். ஒரு நாள் என் கண்ணும் தப்பிட்டா?"



ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் சொல்லாமலே சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். முன்னால் நடந்தான். வேர் குறுக்கிட்ட இடத்தில் வேர் இருக்கிறது என்றான், வழுக்கும் இடத்தில் வழுக்கும் என்றான். ஓடைக்கரையில் எய்சாகு போடப் போட, பூ இல்லாததைக் கூடையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டான். ஒரு தடவை கொத்தாக விழுந்து சத்தம் கேட்டுவிட்டது.

"என்னத்தைத் தூக்கிப் போட்ட?"

"பூச்சி, அப்பா" என்றான். அந்த வார்த்தை மறுபடியும் வாயில் வந்துவிட்டது. வெட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டான்.

எய்சாகு கையிலிருந்த இலையைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, கூடையில் போடாமல், அதை அவன் கையில் கொடுத்தார்.

"இந்த மலையில பூச்சி ஜாஸ்தி. கல்யாணத்துக்கப்புறமும் வருஷா வருஷம் வந்து பாத்து எடுத்துடு."