இரைச்சல் நின்றபோது

நவம்பர் கடைசியில் அந்த இரைச்சல் முதன்முதலாக வந்தபோது, அது தன் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று ஐலா துர்பெய்னென் நினைத்தாள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கார் பேட்டரியில் ரேடியோவை இயக்கிப் பார்த்தாள். குளிர்பெட்டி அடங்கியது. வீடு முழுக்க இருட்டானது. இரைச்சல் மட்டும் போகவில்லை. ஈரத் துணியை யாரோ விட்டுவிட்டுக் கிழிப்பது போலக் காதுக்குள் கரகரத்துக்கொண்டே இருந்தது.

ஐலாவுக்கு அறுபத்து மூன்று வயது. பியெலினென் ஏரியின் கிழக்குக் கரையில் முப்பது வருஷம் தபால் வண்டி ஓட்டியவள். ஓய்வுபெற்ற பிறகு அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே பித்து அமெச்சூர் ரேடியோதான், வீட்டில் இருந்தபடியே தூரத்து ஆட்களோடு அலைவழியாகப் பேசுவது. அதிலும் நூற்று அறுபது மீட்டர் அலை, இருப்பதிலேயே பிடிவாதமானது. பகலில் அதில் ஒன்றும் நடக்காது. பொழுது சாய்ந்த பிறகுதான் தூரத்து நிலையங்கள் எழும்பும், அதுவும் மூச்சு விடுவதுபோல மெல்லிசாக. டிசம்பரில் அங்கே இரண்டரை மணிக்கே வெளிச்சம் போய்விடும். மூன்று மணிக்குக் காப்பிக் கோப்பையும் ஹெட்போனுமாக உட்கார்ந்தால் ஜப்பானும், அதற்கு அப்பால் பசிபிக் தீவுகளும் கேட்கும். கேட்க வேண்டும்.

அனுப்புவதற்கு முற்றத்தில் உயரமான கம்பம் ஒன்று நின்றது. ஆனால் கேட்பதற்கு அது உதவாது; நாலா பக்கத்துக் குப்பைச் சத்தத்தையும் வாரிக்கொண்டு வரும். அதனால் கேட்பதற்கென்றே காட்டுக்குள் முந்நூறு மீட்டர் நீளத்துக்கு ஒற்றைக் கம்பியை, கை எட்டும் உயரத்தில், வடகிழக்கு பார்த்து இழுத்திருந்தாள். அதில் எதுவும் பலமாகக் கேட்காது. ஆனால் தான் பார்க்கும் திசையைத் தவிர மற்ற எதையும் சட்டைசெய்யாது. வருஷத்துக்கு இரண்டு முறை ஏதாவது ஒரு காட்டுமான் அதை அறுத்துவிட்டுப் போகும். அவளும் பனியில் முழங்கால் புதைய நடந்து ஒட்டுப்போட்டுவிட்டு வருவாள்.

இந்த இரைச்சலோ அந்தக் கம்பி பார்க்கும் திசையிலிருந்தே வந்தது.

சைக்கிள் சக்கரம் அளவுக்கு வளைத்த செப்புக் குழாய் ஒன்று அவளிடம் இருந்தது. அதைச் சின்ன ரேடியோவோடு இணைத்துக்கொண்டு கிளம்பினாள். வளையத்தைத் திருப்பத் திருப்ப ஓரிடத்தில் சத்தம் மங்கும். மங்கும் அந்தக் கோட்டில்தான் சத்தத்தின் மூலம் இருக்கும். படகுத்துறையிலிருந்து ஒரு கோடு, தபால்பெட்டிகள் நிற்கும் முக்கிலிருந்து ஒரு கோடு. வரைபடத்தில் இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் சாமுலியின் வீடு இருந்தது.

அவளுக்கு மனசு சுருங்கிப்போனது. சாமுலியும் யோன்னாவும் ஆறு வயது மகள் லூமியோடு அங்கே குடிவந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் முற்றத்து விளக்குகள் தன் ரேடியோவில் இரைகின்றன என்று ஐலா ஒருமுறை போய் நின்றிருக்கிறாள். அவர்கள் விளக்கை மாற்றினார்கள். ஆனால் அதன் பிறகு சாமுலி அவளை ‘ரேடியோக்காரம்மா’ என்றே கூப்பிட்டான்.

நான்கு நாள் இரைச்சல் வந்துபோகும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு போனாள். சாமுலி வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“வாங்க ரேடியோக்காரம்மா. இந்தத் தடவை என்ன, எங்க பூனை சத்தம் போடுதா?”

“நீங்க சௌனா போடுறப்பதான் வருது, சாமுலி. அடுப்பு சூடாக ஆரம்பிச்சதும் வருது. அணைச்சதும் போயிடுது. நாலு நாளா எழுதி வச்சிருக்கேன்.”

“நாங்க எப்ப குளிக்கிறோம்னு எழுதி வச்சிருக்கீங்களா?”

அவன் சிரித்துக்கொண்டே ஜன்னலில் நின்ற யோன்னாவைப் பார்த்தான். ஐலாவுக்கு அந்தக் குளிரிலும் முகம் எரிந்தது. சௌனா என்ற அந்த நீராவிக் குளியல் அறையை, வீட்டை ஒட்டி, அந்தக் கோடையில் அவனே கட்டியிருந்தான். பலகையிலிருந்து மின்சார அடுப்புக்கான வயரிங் வரை எல்லாம் தன் கையால் செய்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தான். அதில் ஏதோ கோளாறு என்று அவள் எப்படிச் சொன்னாலும் அது அவன் கைவேலையைப் பழிப்பதாகத்தான் படும். முழுசாகச் சொல்லாமலே திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, பதிவு செய்திருந்த சத்தத்தை ரெய்யோவுக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டினாள். பக்கத்து ஊரான லீக்சாவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். அவளுடைய பழைய ரேடியோ சிநேகிதன். கேட்டுவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னான்.

“விளக்குன்னா ஒரே சீரா இரையும் ஐலா. இது தெறிக்குது. எங்கயோ ஒரு திருகு சரியா முடுக்காம இருக்கு, அதுல பொறி பறக்குது. அவன் கிட்ட சொல்லிட்டியா?”

பாதி சொன்னதாக அவள் சொன்னாள். மீதியை எழுதிப் போடு என்றான் அவன். எழுதினாள். சௌனா வயரிங்கை யாராவது பார்த்தால் நல்லது, தீப்பிடிக்கலாம் என்று மூன்று வரி. அவர்கள் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். பதில் வரவில்லை. மறுநாள் நாலு மணிக்கு இரைச்சல் வந்தது.

இதற்குப் பிறகு ஐலா செய்ததைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அலமாரியில் இரைச்சலைக் கழிக்கும் பெட்டி ஒன்று கிடந்தது. வீட்டுக்கு அருகே ஒரு குட்டி ஆண்டெனா, இரைச்சலை மட்டும் பிடிப்பதற்கு. பெட்டி அதைத் தலைகீழாகத் திருப்பி, நீளக் கம்பியில் வருவதோடு சேர்க்கும். குமிழைச் சரியான இடத்தில் நிறுத்தினால் இரைச்சலும் இரைச்சலும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சம் இருப்பது வெறும் வானம்தான். அன்று மாலை இரண்டு ஜப்பான்காரர்களும், எங்கோ பசிபிக்கிலிருந்து யாரோ ஒருவரின் மோர்ஸ் தந்திக் குறிகளும் கேட்டன. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி அது அவர்கள் பாடு என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பது நாள் அப்படித்தான் போயிற்று.

ஆனால் குமிழ் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முதல் நாள் மூன்றில் வைத்தாள். ஐந்தாம் நாள் ஐந்துக்கு நகர்த்த வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் ஏழைத் தாண்டியது. காதில் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பின்னால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை விரல்தான் சொன்னது. மரங்களுக்கு நடுவே அவர்கள் சௌனா ஜன்னல் மஞ்சளாகத் தெரியும். அதைப் பார்ப்பதையே நிறுத்தினாள். 

பத்தாம் நாள் சனிக்கிழமை. வெளியே மைனஸ் இருபத்து நாலு. மூன்று மணிக்கு உட்கார்ந்தவள், மூன்று இருபதுக்குப் பெட்டியை அணைத்தாள்.

தாங்க முடியாமல் ஹெட்போனைப் பிடுங்கிக் கீழே போட்டாள். கிழியும் சத்தமாக இல்லை அது இப்போது. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்ததுபோலப் படபடத்தது. இடையில் நீண்ட, உறுமும் இழுப்பு. ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.  ரெய்யோவைக் கூப்பிடலாமா, நேரே போய்க் கதவைத் தட்டலாமா என்று யோசித்தாள். குளிக்கிற நேரத்தை எண்ணுகிறவள் என்று மறுபடியும் சொல்வானே என்று அரைமணி நேரம் அங்கேயே இருந்தாள்.

மூன்று ஐம்பதுக்கு இரைச்சல் நின்றது.

ஒரே வெட்டாக நின்றது. அலை முழுவதும் கண்ணாடிபோலத் தெளிந்தது. அந்தத் தெளிவின் அடியில் எங்கோ யாரோ மோர்ஸில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சூடு போதுமென்று அடுப்பு தானே அணைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அப்படி அணைந்தால் ஒரு நிமிஷத்தில் திரும்ப வரும். நான்கு நாள் எழுதி வைத்தவளுக்குத் தெரியாதா? கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. வரவில்லை. பொறி பறந்த இடம் எரிந்தே அறுந்திருந்தால்தான் இப்படி நிற்கும். நாள்கணக்கில் அவள் ஏங்கிய அமைதி இது. அது அவள் பிடரியில் ஏறி உட்கார்ந்தது.

சாமுலியின் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. யோன்னாவுடையதும். சௌனாவுக்குள் யார் போனைக் கொண்டுபோவார்கள்? ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முற்றத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தீ என்று ஒன்றும் தெரியவில்லை. அவசர எண்ணைக் கூப்பிட்டு என்ன சொல்வது? ரேடியோவில் சத்தம் நின்றுவிட்டது என்றா?

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். உதைத்துத் தள்ளும் சறுக்குவண்டி படியோரம் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு பாதையில் உதைத்தாள். நானூறு மீட்டர்தான். மூச்சு இழுக்க இழுக்க நெஞ்சுக்குள் ஊசி குத்தியது. வளைவில் வண்டி கவிழ்ந்து முட்டி அடிபட்டது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். தான் பைத்தியக்காரியாக இருக்க வேண்டும், அவர்கள் சிரிக்க வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டாள்.

வீடு அமைதியாக இருந்தது. சௌனாவுக்குள் யோன்னா எதற்கோ சிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது. ஒரு நொடி நின்றாள். அப்போதுதான் கூரை விளிம்பைப் பார்த்தாள். புகைபோக்கியே இல்லாத அந்தச் சௌனாவின் கூரைக்கடியிலிருந்து, முற்றத்து விளக்கின் வெளிச்சத்தில், சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது.

சௌனாவுக்கு முன்னால் இருந்த உடைமாற்றும் அறைக் கதவைத் தள்ளினாள். பூட்டியிருக்கவில்லை. உள்ளே புகையில் இடுப்புக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. தார் காய்ச்சுவது போன்ற நெடி. இடதுபக்கச் சுவரில் இரண்டு பலகைகளுக்கு இடையில் ஒரு சிவப்புக் கோடு மேலும் கீழுமாக ஓடியது. குனிந்தாள். பெஞ்சுக்கு அடியில் இரண்டு சின்னப் பாதங்கள்.

சூடு தாங்காமல் சௌனாவிலிருந்து முன்னாலேயே இங்கே வந்திருந்தாள் லூமி. புகையைப் பார்த்ததும் கத்தாமல் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறாள். ஐலா கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். குழந்தை துவண்டு வந்தது. கண் திறந்திருந்தது.  குழந்தையைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டே சௌனாக் கதவை ஓங்கி உதைத்தாள்.

கதவு திறந்தது. சாமுலி ஒரு கணம் அவளையும் புகையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தண்ணீர் வாளியைத் தூக்கினான்.

“ஊத்தாத! அதுல இன்னும் கரண்ட் இருக்கு. மெயின அணை. யோன்னா, வெளிய வா, எதையும் எடுக்காத.”

யோன்னா வெறும் உடம்போடு பனியில் ஓடினாள். சாமுலி வீட்டுப் பக்கம் ஓடி மெயினை இறக்கினான். முற்றம் இருண்டது. அந்த இருட்டில்தான் நெருப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரிந்தது. சௌனாக் கூரை உள்ளிருந்து ஒளிர்ந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திறந்துகொண்டது.

ஐலா தொலைபேசியில் கூப்பிட்ட தீயணைப்பு வண்டி வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. சௌனாவும், அதை ஒட்டியிருந்த லூமியின் அறையும் போயின. வீட்டின் மற்ற பாதி தப்பியது. புகையைக் குடித்திருந்த குழந்தையை யோன்னாவோடு ஆம்புலன்ஸ் யொயென்சூ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. அதில் துணைக்கு ஒரே ஆளுக்குத்தான் இடம்.

சாமுலி ஐலாவின் சமையலறையில், அவளுடைய பழைய தபால்துறைக் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதன் கை அவனுக்கு எட்டாமல் பாதியில் நின்றது. காப்பி ஆறிப்போயிருந்தது.

“உங்க சீட்டு வந்துச்சு,” என்றான். “யோன்னாகிட்ட காட்டல. படிச்சுட்டு விறகடுப்புல போட்டுட்டேன்.”

ஐலா தலையாட்டினாள். தான் சும்மா இருந்தாலே போதும், பழி முழுக்க அவன்மேலேயே நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“அந்தச் சத்தத்த ஒன்பது நாளா நான் கேக்கல சாமுலி. கேக்காம இருக்க ஒரு பெட்டி போட்டேன். அது அதிகமாயிட்டே போறது தெரிஞ்சுது. இன்னிக்கும் அரைமணி நேரம் சும்மாதான் உக்காந்திருந்தேன். நீ சிரிப்பேன்னு.”

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தாள்.

“சிரிச்சிருப்பேன்,” என்றான்.

அப்புறம் எழுந்து வீடு முழுக்க நடந்தான். கெட்டில், விளக்கு, ரேடியோ மேசை, குளிர்பெட்டி என்று ஒவ்வொரு பிளக்காகச் சுவரிலிருந்து உருவினான். உருவிய இடத்தைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தான். ஐலா தடுக்கவில்லை. மெழுகுவர்த்தியைக் கொளுத்தப் போனவள் அதையும் வேண்டாமென்று வைத்துவிட்டாள். பாலையும் மீனையும் எடுத்துப்போய் வாசல்படிப் பனியில் வைத்துவிட்டு வந்தாள். இருட்டில் இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏழு மணிக்கு ஐலாவின் தொலைபேசி அடித்தது. அதன் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை. அவளாலும் உடனே எடுக்க முடியவில்லை. மணி நான்காவது முறை அடித்தபோது எடுத்தாள்.

யோன்னாதான். குழந்தை கண்ணயர்ந்திருக்கிறாள், மூச்சு சீராக இருக்கிறது, இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்களாம் என்று சொன்னாள். ஐலா அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். சாமுலி ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் அதே வார்த்தைகளில் சொன்னாள்.