நூறா, எண்பத்தொன்றா

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை இந்த வருடம் ஒரு கரடி ஏற்றுக்கொண்டிருந்தது. டேப்லெட் திரைக்குள் இருக்கும் கரடி; சரியான விடையைப் போட்டால் ஆடும். தப்பாகப் போட்டால் தரையில் உட்கார்ந்து அழும். மாதக் கடைசியில் அதுவே பிள்ளைகளை ராக்கெட், சைக்கிள், ஆமை என்று மூன்றாகப் பிரித்துவிடும். ஆமைகளுக்கு மாடிப்படிக்குக் கீழே தனி வகுப்பு.

கரடியோடு 'செய்து பார்த்துக் கற்போம்' என்று எழுதிய பெட்டி ஒன்றும் வந்திருந்தது. உள்ளே அட்டைச் சதுரங்கள், குச்சிகள். பிள்ளைகள் கை பட்டால் பாழாகிவிடும் என்று தாளாளர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் வகுப்பில் குண்டூசி என்றொரு பெண். உடம்பும் அப்படி, பேச்சும் அப்படி. பரப்பளவுப் பாடத்தில் பத்துக்குப் பத்தும் தப்புச் செய்து, ஒரு வாரமாகக் கரடியைக் கண்ணீரில் வைத்திருந்தாள். இன்று மறுதேர்வு. அதிலும் இப்படியே போட்டால் திங்கள்கிழமை முதல் மாடிப்படிக்குக் கீழேதான். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று கணக்கு டீச்சர் அவளுடைய அப்பாவை வரச்சொல்லியிருந்தார். அவளை வராந்தாவில் நிற்க வைத்தார்.

அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். முழங்கால் இரண்டிலும் சிமென்ட் காய்ந்திருந்தது. பிள்ளைகளுடைய பெஞ்சில் மடங்கி உட்கார்ந்ததில் அந்த முழங்கால்கள் தாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"வீட்டுல ஏதாவது பிரச்சனையா சார்?"

"நான்தான் பிரச்சனைன்னு அவங்கம்மா சொல்லுவா. வேற ஒண்ணும் இல்ல டீச்சர்."

"வாய்ப்பாட்டைத் தலைகீழா சொல்றா. இதுல மட்டும் ஏன் இப்படின்னு புரியல. நீங்களே பாருங்க. மூணு மீட்டருக்கு மூணு மீட்டர் தரை. முப்பது சென்டிமீட்டர் டைல்ஸ். வெட்டாம முழுசா எத்தனை போடலாம்?"

"எண்பத்தொண்ணு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோய் எந்தப் பக்கத்து வழியாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட டாக்டரின் முகம் அவருக்கு வந்துவிட்டது.

"நூறு சார். வரிசைக்குப் பத்து, பத்து வரிசை."

"பத்தாவது உள்ள போகாதே டீச்சர்."

"இந்தக் கரடி இருபது நாட்டுல போகுது," என்றது ஒரு குரல். தாளாளர். பள்ளியைச் சுற்றிப் பார்ப்பது என்ற பெயரில் காலையும் மாலையும் நடப்பார். வாசலில் நின்றபடியே தொடர்ந்தார். "இது வெறும் மெஷின் இல்ல. இது ஒரு பார்வை."

"இருக்கட்டும் சார். எனக்கு அந்தப் பெட்டியக் கொஞ்சம் குடுக்க முடியுமா?" அப்பா கண்ணாடி அலமாரியைக் காட்டிக் கேட்டார்.

"அது காட்சிக்கு வெச்சிருக்கறது."

டீச்சர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். சாவி அவரிடம்தான் இருந்தது. இவ்வளவு நாளும் அதை உபயோகிக்கத் தைரியம்தான் இல்லை.

அப்பா தரையில் உட்கார்ந்ததும் ஆளே மாறிவிட்டார். அங்கேதான் அவருடைய உத்தியோகம். பத்துச் சதுரங்களை நெருக்கி வைத்து, இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு குச்சியை நுழைத்துக்கொண்டே போனார். பத்தாவது சதுரம் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டது.

"ஒட்டும்போது மூணு மில்லி கேப் விடணும் டீச்சர். விடலன்னா வெயில்ல வீங்கி, ஒண்ணையொண்ணு முட்டித் தூக்கிக்கும். அதனால ஒன்பதுதான் முழுசு, பத்தாவதை வெட்டித்தான் சொருகணும். அந்தப் பக்கமும் அதே கதை. ஒன்பது ஒன்பது எண்பத்தொண்ணு."

தாளாளர் குனிந்து பார்த்தார். "குச்சிய எடுத்துட்டா சரியா வருதே."

"வரும் சார். ஒரு கோடை வரைக்கும்."

டீச்சர் டேப்லெட்டில் குண்டூசியின் பழைய விடைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பதினாறு வரவேண்டிய இடத்தில் ஒன்பது. இருபத்தைந்துக்குப் பதினாறு. எல்லாம் டைல்ஸ் கணக்கு; எல்லாவற்றிலும் நீளத்தில் ஒன்று, அகலத்தில் ஒன்று குறைவு. ஒரு இடத்திலும் பிசகவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டார்.

"ஏன் கண்ணு இதை எங்கிட்ட சொல்லல?"

குண்டூசி தரையில் இருந்த சதுரங்களைப் பார்த்தாள். "கரடிக்கு நூறுதான் வேணும்னு தெரியும் மிஸ். எல்லாரும் அதைத்தான் போடுறாங்க."

"தெரிஞ்சுமா போடல?"

"நூறு சரின்னா, அப்பா ஒட்டுறது தப்புன்னு ஆயிடும்ல?"

அப்பா முழங்காலில் இருந்த சிமென்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். நிறையச் சிமென்ட் இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் அவரால் நிமிர முடிந்தது.

"இங்க வா. கரடி கேக்குறது கேப்பே இல்லாத தரை. அப்படி ஒரு தரை காகிதத்துல இருக்கு. அதுக்கு நூறுதான் சரி. நிஜத் தரைக்கு எண்பத்தொண்ணு. நீ நூறு போட்டா எனக்கு ஒண்ணும் ஆயிடாது."

"நிஜமாவா?"

"நாளைக்கும் என்னைத்தான் வேலைக்குக் கூப்பிடுவாங்க. போதுமா? போய் உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். முதல் கேள்வியில் மட்டும் விரல் சற்று நேரம் திரைக்கு மேலேயே நின்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். நூறு போட்டாள். மீதி ஒன்பதும் மளமளவென்று போயின. திரையில் ராக்கெட் கிளம்பியது, காகிதப் பூ கொட்டியது, கரடி இடுப்பில் கைவைத்து ஆடியது.

"பாத்தீங்களா, சிஸ்டம் வேலை செய்யுது," என்றார் தாளாளர். யாரும் மறுக்காததால் அடுத்த வகுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

டீச்சர் பெட்டியை மறுபடி அலமாரியில் வைக்கவில்லை. மேஜைமேல் திறந்தபடியே விட்டார்.

"மிஸ், இந்தக் கரடிக்குக் கேப் விடுறதைப் பத்தி யாருமே சொல்லிக்குடுக்கலையா?"

"இல்லம்மா."

"பாவம்," என்றாள் குண்டூசி. வீட்டுக்குப் போகலாம் என்று அப்பா பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவளோ, கரடி ஆடி முடிக்கிறவரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.