கொழுத்த குண்டும் ஸ்பெஷல் பேரலும்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "சம்சாரத்தோட ஏர் ரைபிளுக்குப் பேரல் மாத்திட்டேனுங்க, அவளுக்குத் தெரியாதுங்க" என்றார். தெரியாமல் இருக்குமா? அந்தச் சந்தேகம்தான் நான் இதற்குப் போட்ட முதல்.

நண்பருக்குத் தரணீதரன் என்று பெயர் மாற்றினேன். மனைவி தேஜஸ்ரீ.

முதலில் எழுதிய தொடக்கம்: "பொங்கலூர்த் தென்னந்தோப்பில் காற்று மெல்ல..." விட்டுவிட்டேன். காற்று மெல்ல வீசினால் கதை எங்கே போய்ப் படுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2

விஷயம் இதுதான். அந்தத் தோப்பில் கம்பெனி முதலாளிகள் சிலர் ஞாயிறுதோறும் கொட்டாங்குச்சி சுடுவார்கள். ஏர் ரைபிள்தான், ஆனால் குண்டு அவரவர் வீட்டில் ஈயம் காய்ச்சி வார்த்ததாக இருக்க வேண்டும். கிளப்பில் பெண்கள் கிடையாது. தேஜஸ்ரீ தனக்கும் ஓர் இடம் கேட்டாள்.

தலைவர் ஆத்தப்பன் மீசையைத் தடவினார். "அஞ்சு கொட்டாங்குச்சி வெக்கறேன் அம்மிணி. மூணு கீழ உளுந்தா மெம்பர். இல்லீனா கறி விருந்துக்கு மட்டும் வந்தாப் போதுமுங்க."

குண்டு வார்க்கும் பொறுப்பைத் தரணீதரன் ஏற்றான். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

3

துணி துவைத்தால் சுருங்கும் என்று நூற்றுக்கு ஐந்து கூட்டி வெட்டியே பழகியவன் அவன். ஈயமும் ஆறினால் சுருங்கும் என்று யாரோ சொல்ல, அச்சையும் நூற்றுக்கு ஐந்து பெரிதாகக் கடையச் சொல்லிவிட்டான். (ஈயம் என்ன காட்டன் துணியா?) குண்டுகள் கொழுகொழுவென்று வந்தன. பேரலுக்குள் போக மறுத்தன.

வேறொருவன் அச்சை மாற்றியிருப்பான். தரணீதரன் சைஸ் தப்பிய சரக்கை ஒருநாளும் கழித்ததில்லை. எம் சைஸ் லேபிளைப் பிய்த்து எல் சைஸ் லேபிள் தைத்து, அது பொருந்துகிற ஆளைத் தேடுவான். ஆகவே குண்டுக்குப் பொருந்துகிற பேரலைத் தேடிக் கோயம்புத்தூர் போனான்.

துப்பாக்கி ரிப்பேர் கடைக்காரர் பெருமாள்சாமி, துளையைப் பெரிதாகக் கடைந்துவிட்டதால் மூலையில் கிடந்த ஒரு பேரலைத் தூசி தட்டி எடுத்தார்.

"இது ஸ்பெஷலுங்க."

"ரிஜக்ட்டுங்களா?"

"ஏனுங்க, அப்படிச் சொல்லலாமுங்களா!"

"எங்கூர்லயும் ரிஜக்ட்டுக்கு ஸ்பெஷல்னுதானுங்க பேரு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு விலை படிய இரண்டு டீயும் நாலைந்து பொய்யும் செலவாயின.*

கொழுத்த குண்டு அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. வார்த்த குண்டு பேரலை இறுக்கிப் பிடித்துப் போனால்தான் நேராகப் போகும் என்றார் பெருமாள்சாமி. அது மட்டும் பொய்யில்லை. சுட்டுப் பார்ப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது.

* விலையை எழுதி அடித்துவிட்டேன். உங்களில் யாராவது பேரல் வாங்கப் போகலாம். அவர் மார்க்கெட்டை நான் கெடுப்பானேன்?

4

முதல் பிரதியில் தேஜஸ்ரீ ஒன்றும் அறியாதவள். நம்ப முடியவில்லை. எம்பிராய்டரி யூனிட் நடத்துகிறவள். ஓடும் மிஷினில் ஊசி மழுங்கினால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவள். திரும்ப எழுதுகிறேன்.

தோப்பில் ரைபிளைக் கையில் வாங்கியதும் நின்றாள்.

"ஏனுங்க, பேரல் மாத்துனீங்களா?"

"தொடச்சேன் அம்மிணி."

"தொடச்சா எடை மாறுமுங்களா?"

ஆத்தப்பன் குறுக்கே வந்தார். "ஊட்டுச் சண்டைய ஊட்டுல வெச்சுக்குங்க. வேணும்னா என்ற ரைபிள எடுத்துக்குங்க அம்மிணி, குண்டும் தர்றேன்."

தரணீதரன் அவள் காதருகே குனிந்தான். "அச்சு பெருசாப் போச்சு. சொன்னா வைவீன்னு பேரலயே மாத்திட்டேன்."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சுட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"சரீங்க. உளுந்தா நான் சுட்டது. உளுகலீனா நீங்க மாத்துனது. ஒத்துக்கறீங்களா?"

வாழ்நாளில் முதல் தடவையாக அவன் பேரம் பேசாமல் தலையாட்டினான்.

"எங்களுதே போதுமுங்க" என்று ஆத்தப்பனிடம் சொல்லிவிட்டு, அவள் லீவரைக் கீழே இழுத்தாள்.

5

ஐந்தும் விழுந்ததாக எழுதிப் பார்த்தேன். பேரல் விளம்பரம் போல இருந்தது. ஒன்றும் விழவில்லை என்றும் எழுதினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே தைரியமில்லை. மூன்று விழுந்து, நான்காவது குண்டு ஆத்தப்பனின்... வேண்டாம்.

எங்கள் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். இதோ துண்டு. உள்ளே என் கை. ஐந்து கொட்டாங்குச்சிக்கு ஐந்து விரல். எத்தனை விழுந்தது? பிடியுங்கள்.

மூன்றுக்குக் குறைவாகப் பிடிக்க நினைப்பவர்கள், பக்கத்தில் நிற்கும் தரணீதரனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.