விசில் அடிக்க எந்தப் பல்?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வாய் நிறையப் பசை. 2004, மழைக்காலம். விழுந்த கடைவாய்ப் பல்லுக்கு மாற்று வைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தார் ரெட்டியார்பாளையம் பல் டாக்டர் நிர்மலாதேவி. பசை இறுகும்வரை பொழுது போகவேண்டுமே என்று அவர் சொன்னது இது. குறுக்கே ஒரு கேள்வி கேட்க எனக்கு வழியில்லை. எங்காவது ஒட்டுப்போட்டது தெரிந்தால் அது என் வேலை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடற்கரையில் கதிரவன் தன் பொற்கரங்களை—’

(வேண்டாம். இது ரெட்டியார்பாளையத்திலிருந்து பெரிய மார்க்கெட் போகும் தனியார் டவுன் பஸ்ஸின் கதை. அது கடற்கரை வரை போவதில்லை.)

கண்டக்டர் கலைவாணன், டிரைவர் சக்கரபாணி. பல வருஷமாக ஒரே பஸ், மத்தியானம் ஒரே டிபன் கேரியர். கலைவாணன் ஊதல் வைத்துக்கொள்வதில்லை. நாக்கைப் பல்லில் முட்டக் கொடுத்து அவர் அடிக்கும் விசில், ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் எடு. ஒருநாள் குறுக்கே ஓடிய ஆட்டுக்காக சக்கரபாணி பிரேக்கை மிதித்தார். ஆடு தப்பியது. கலைவாணனின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் சீட்டுக் கம்பியில் மோதிப் போயின.

அன்றிலிருந்து விசில் இல்லை. பஸ்ஸின் தகரத்தைத்தான் தட்டினார். பேச்சும் இல்லை. சக்கரபாணி எது கேட்டாலும் தலையாட்டல்தான்.

3

பல் கட்ட வந்த கலைவாணனுக்கு டாக்டர் மூன்று வழி சொன்னார். [இங்கே கட்டுரை கொஞ்சம் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.] கழற்றி மாட்டும் பிளேட்: சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அசையும். பிரிட்ஜ்: கழற்ற வேண்டாம், ஆனால் இருபக்கமும் நிற்கும் நல்ல பல்லை ராவவேண்டும். இம்ப்ளான்ட்: எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

“இதுல எது போட்டா விதில் வரும் டாக்டரம்மா?”

அவர் விசிலைச் சொல்கிறார் என்று புரியவே டாக்டருக்குக் கொஞ்சம் நேரமானது. அதற்குப் படிப்பில் பதிலும் இல்லை. ஈறு ஆறும்வரை பிளேட் போட்டுக்கொள்ளச் சொல்லி அளவெடுத்து அனுப்பினார்.

மறுநாள் சக்கரபாணி தனியாக வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

“என் பல்லு ரெண்டப் புடுங்கி அவனுக்கு வெச்சுடுங்கம்மா.”

“அப்படில்லாம் வெக்க முடியாதுங்க.”

“எங்கிட்ட பேசறதே இல்லம்மா அவன். கோவம் தீரல.”

“கோவமா இருக்காதுங்க. நீங்களே கேளுங்க.”

“கேட்டா தலைய ஆட்றான்.”

(இங்கே எனக்குச் சந்தேகம். ஒரு டிரைவர் இப்படிக் கேட்பாரா? பசையை எடுத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். “கேட்டாரு. வாயையும் தொறந்து காட்டினாரு” என்றார் டாக்டர்.)

4

பிளேட் போட்ட முதல் நாள், பெரிய மார்க்கெட் நிறுத்தத்தில் கலைவாணன் ஆசையை அடக்கமாட்டாமல் ஊதிப் பார்த்தார். விசில் வரவில்லை. பிளேட் வந்தது. கூட்டத்தின் தலைக்கு மேல் பறந்து—

(எங்கே விழுந்தது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. நான் பூக்காரி கன்னியம்மாளை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.)

—சாமந்திக் கூடையில் விழுந்தது.

“யாருதுப்பா இந்தப் பல்லு?” என்று கன்னியம்மாள் தூக்கிக் காட்டினாள். பஸ்ஸே சிரித்தது. சக்கரபாணி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, அதை வாங்கி, தன் தண்ணீர் பாட்டிலில் கழுவி நீட்டினார். கலைவாணன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஊரே பார்த்தாயிற்று, இனி எதை மறைக்க?

“போ தக்கரபாணி. போய் வண்டிய எடு.”

சக்கரபாணி அவரையே பார்த்தார். “இதுக்காடா பேசாம இருந்த?”

“பின்ன? உம் பேரத் தொன்னா காத்துதான் வருது.”

“எம்மேல கோவம்னு நெனச்சு சோறே எறங்கலடா எனக்கு.”

“ஆட்டுமேலதான் கோவம்.”

சக்கரபாணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும், “இன்னொரு தரம் சொல்றா எம் பேர” என்று கேட்டுக் கேட்டு ஓட்டினார்.

5

இனி முடிவு. பிரிட்ஜ் என்றால், நல்ல பல் இரண்டை ராவ எனக்கு மனமில்லை. இம்ப்ளான்ட் என்றால், அத்தனை மாதம் நீங்கள் காத்திருக்கமாட்டீர்கள். பிளேட்டே போதும் என்றால்—

நடந்தது எது என்று டாக்டர் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. ஈறு ஆறிவிட்டது. கலைவாணன் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்திருக்கிறார். வாசலில் ஆள் நிறைந்த பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு சக்கரபாணி ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறார். எந்தப் பல் என்று நீங்களே சீக்கிரம் சொல்லுங்கள்.