மகரத்துக்கு இரண்டு வரி கூடுதல்

ரெண்டு வரி கூடுதலா இருக்கு, எதை வெட்டட்டும் என்று கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தபடி கலியமூர்த்தி நிற்கிறான், பசை காய்ந்த விரல்கள், மேசையில் விரித்த ராசிபலன் பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்கள், மகரக் கட்டத்தில் மட்டும் எழுத்து கோட்டைத் தாண்டி வழிகிறது, நான் நிமிராமலே சொல்கிறேன், மகரத்துல கை வைக்காதே, கும்பத்துல வெட்டு. சரி என்கிறான். கும்ப ராசிக்காரர்களுக்கு அந்த வாரம் வரவேண்டிய ஏதோ ஒரு நல்ல செய்தி குப்பைக்கூடையில் விழுகிறது.

இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கத்தரி கண்ணைவிட்டுப் போகவில்லை. எங்கள் வாரப் பத்திரிகை அப்போது ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்தது, நான் உதவி ஆசிரியன், அவன் பக்கங்களை வெட்டி ஒட்டி வடிவமைப்பவன், ஒரே பஸ், ஒரே டிபன் பாக்ஸ், புதிதாக வரப்போகும் தொலைக்காட்சியிலிருந்து கடிதம் வந்தபோது முதலில் என்னிடம்தான் காட்டினான், நம்ம ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரத்தான் எடுப்பாங்களாம், நான் வேணாம்னா உன்னைக் கூப்பிடுவாங்களாம், என்னடா செய்யட்டும், நீ சொன்னா சரி. யோசிச்சுச் சொல்றேன் என்றேன். நன்றாகவே யோசித்தேன், ராசிபலன் எழுதும் ஜோசியர் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்ட வாரம் அது, நீயே எதையாவது எழுதிடுய்யா என்று ஆசிரியர் அதை என் தலையில் கட்ட, மேஷம் முதல் தனுசு வரை பழைய இதழ்களைப் பார்த்துக் கலந்துகட்டி எழுதியவன் மகரத்துக்கு வந்ததும் பேனாவை மூடித் திறந்தேன், கலியமூர்த்தி மகரம், இதழ் வந்ததும் தன் பலனைப் படிக்காமல் டீ குடிக்கமாட்டான், புது வாசல் தானாகத் திறந்தாலும் நுழையாதீர்கள், இருக்கும் இடமே பாதுகாப்பு, அந்நிய இடத்தில் அவமானம் காத்திருக்கிறது என்று எழுதினேன். ஆசை மிஞ்சிப் போய்த்தான் இரண்டு வரி கூடியது, சீ, என்ன ஜென்மம் நான்.

அவன் போகவில்லை, நான் போனேன். மைக், கோட்டு, கார், செய்தி ஆசிரியர் பதவி, தெருவில் அடையாளம் கண்டு கைகாட்டும் ஜனங்கள், பத்திரிகையோ ஆறே வருஷத்தில் சுருங்கிச் சுருங்கி ஒருநாள் இழுத்து மூடப்பட்டது, கலியமூர்த்தி என்ன ஆனான் என்று நான் தேடவில்லை, தேடாமல் இருக்க எனக்கு எப்போதும் வேலை இருந்தது.

இன்று காலை எங்கள் பழைய பத்திரிகை ஆசிரியர் காலமானார், கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வடபழனியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குள் நுழைகிறேன், கம்ப்யூட்டருக்கு முன்னாலிருந்து திரும்பும் முகம் அவனுடையது, நரைத்து, கண்ணாடி போட்டு, அதே சிரிப்பு, வாடா பெரிய மனுஷா, உட்காரு. எங்கே உட்காருவது, நின்றபடியே கொட்டிவிட்டேன், கலியா, அந்த மகர பலன், அதை எழுதினது ஜோசியர் இல்லடா, நான்.

தெரியுமே என்றான். ஜோசியர ஆஸ்பத்திரியில பார்த்து ஹார்லிக்ஸ் குடுத்துட்டு வந்ததே நான்தானடா, அவரு எங்க எழுதினாரு. அப்ப ஏன்டா போகல என்றேன். நீ எழுதினதாலதான் போகல, ஜோசியரோட பலன் டீ குடிக்கிற நேரத்துக்குத்தான், அதுக்காகவா வேலைய விடுவேன், உனக்கு அந்த எடத்தப் பத்தி ஏதோ தெரிஞ்சிருக்கு, மூஞ்சிக்கு நேரா சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு நீ இப்படிச் சொல்றேன்னு நெனச்சேன், அப்புறம் நீ அங்க சேர்ந்துட்டேன்னு கேள்விப்பட்டப்பதான்... சரி விடு, ஆசிரியருக்கு எந்தப் படம் போடலாம்?

படத்துக்குக் கீழே பழைய ஊழியர்களின் பெயர்களை அவனே ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக அடிக்கிறான், என் பெயர் முதலில், அவன் பெயர் கடைசியில், அது பேனரின் ஓரத்தைத் தாண்டி நிற்கிறது, ஒரு வரி கூடுதலா இருக்கு, எதை வெட்டட்டும் என்கிறான் திரும்பாமலே, என் பேர வெட்டுடா என்கிறேன், எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொல்கிறேன், என் பேர வெட்டு. போடா, உன் பேரப் பார்த்தாத்தான் நாலு பேரு நின்னு படிப்பாங்க என்று சொல்லிக்கொண்டே, கத்தரி கிடையாது, பசை கிடையாது, ஒற்றை விரலால் தன் பெயரை எழுத்தெழுத்தாக அழிக்கிறான், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.